1 ஜிபி, 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகளில் எந்த லினக்ஸ் போடலாம்?

கேள்வி இது: வீட்டில் இரண்டு பழைய கணினிகள் கிடக்கின்றன. ஒன்று, 2012 வாக்கில் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி, 2 ஜிபி ரேம். இன்னொன்று, இன்டெல் ஆட்டம் என்270 பிராசசரும் 1 ஜிபி ரேமும் உள்ள பத்து அங்குல நெட்புக். இரண்டிலும் விண்டோஸ் தவழ்கிறது. பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்ய, பாடம் படிக்க, கொஞ்சம் யூடியூப் பார்க்க இலவச இயங்குதளம் ஏதாவது போட முடியுமா? எதைப் போடுவது, எப்படி?

போடலாம். மடிக்கணினிக்கு 64-பிட் டெபியன் 13 என்ற லினக்ஸ், எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்புடன். நெட்புக்குக்கு 32-பிட் ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸ். (பிட் என்பது பிராசசர் ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவு.) அவசரம் என்றால் இந்த இரண்டு பெயர்களே போதும். ஆனால் போட்டு முடித்த பிறகு "எதிர்பார்த்த அளவுக்கு வேகம் இல்லையே" என்று வந்து நிற்காமலிருக்க மிச்சத்தையும் படித்துவிடுவது நல்லது.

லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும் என்று சொல்பவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். ஆன்டிஎக்ஸ் ஏறி டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது திரையின் ஓரத்தில் கோன்கி என்ற சின்ன அளவுமானி ஓடிக்கொண்டிருக்கும். ரேமில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அது காட்டும். பெரும்பாலும் 200 எம்பியைச் சுற்றித்தான் இருக்கும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அப்புறம் ஃபயர்பாக்ஸைத் திறங்கள். காலிப் பக்கத்துக்கே எண் கிடுகிடுவென ஏறும். ஜிமெயில் ஒரு தாவலிலும் யூடியூப் இன்னொன்றிலும் திறந்தால் 1 ஜிபி நிரம்பிவிடும். இயங்குதளத்தில் 100 எம்பி மிச்சம் பிடிக்க ஊரெல்லாம் விவாதம் நடக்கிறது. அந்த 100 எம்பியை ஒரே ஒரு செய்தித் தளத்தின் விளம்பரங்கள் தின்றுவிடும். அதனால் எந்த லினக்ஸ் என்பதைவிட, அந்தக் கணினியில் பிரவுசருக்கு எவ்வளவு வேலை என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். உங்கள் இரண்டு கணினிகளுக்கும் இதில் பதில் வேறு வேறு.

முதலில் மடிக்கணினி. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆக, இந்தக் கணினிக்கு டெபியன் புது விருந்தாளி கிடையாது. அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்டில் மட்டுமே வந்தது. அது 2 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தவும் செய்யாது. அதைப் பார்த்துவிட்டு "இது 32-பிட் கணினி, 2 ஜிபிதான் தாங்கும்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு விண்டோஸுடையது, கணினியுடையது அல்ல. 2012 வாக்கில் வந்த மடிக்கணினிப் பிராசசர்கள் அநேகமாக எல்லாமே 64-பிட். சந்தேகமிருந்தால் பிராசசரின் மாடல் எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடிப் பாருங்கள். அல்லது ஏதாவது ஒரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஏற்றி, டெர்மினலில் எல்எஸ்சிபியு என்ற கட்டளையைக் கொடுங்கள். முதல் வரிகளிலேயே 32-பிட், 64-பிட் இரண்டும் தெரிந்தால் அது 64-பிட் பிராசசர்தான்.

இது ஏன் முக்கியம்? 32-பிட் லினக்ஸின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. உபுண்டு குடும்பம் சில ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிகளுக்கான நிறுவியும் இல்லை, கர்னல் என்ற மையப் பகுதியும் இல்லை. கூகுள் குரோம் 2016-லேயே கையை விரித்துவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸை நிறுத்திக்கொண்டது. 64-பிட் நிரல்கள் 32-பிட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக ரேம் எடுக்கும் என்பது உண்மை. அதனால் "2 ஜிபிக்குக் கீழே இருந்தால் 32-பிட்டே போடு" என்று முன்பெல்லாம் சொல்வார்கள். இப்போது அந்த அறிவுரை செல்லாது. 64-பிட் ஓடும் கணினியில் 64-பிட்டையே போடுங்கள்.

அடுத்து, கொஞ்சம் செலவு பற்றி. மடிக்கணினியில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால், எந்த லினக்ஸ் என்று ஆராய்வதற்கு முன் 120 ஜிபி சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டுங்கள். இதைப் போல வித்தியாசம் காட்டுவது வேறொன்றும் இல்லை. பின்பக்கம் சில திருகுகளைக் கழற்றி, பழையதை உருவி, புதியதைச் செருகும் வேலைதான். அப்படியே ரேமையும் 4 ஜிபி ஆக்கிவிடுங்கள். மடிக்கணினிக்கான டிடிஆர்3 ரேம் சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழையதாகவே கிடைக்கும். கடைக்காரர் டிடிஆர்3எல் என்று நீட்டினாலும் வாங்கலாம், அது 1.35 வோல்ட்டிலும் 1.5 வோல்ட்டிலும் ஓடும். கையில் காசு குறைவு, இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் என் ஓட்டு எஸ்.எஸ்.டி.க்கு. ரேம் நிரம்பி ஸ்வாப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதிலாக வட்டில் ஒதுக்கிய இடத்துக்கு, போனாலும் எஸ்.எஸ்.டி. சமாளித்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் ஸ்வாப்புக்குப் போனால் அந்தச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், மவுஸ்கூட நகராது.

ஏன் லுபுண்டு சொல்லவில்லை என்று கேட்பீர்கள். லுபுண்டு நல்லதுதான், இலகுவானதும்கூட. ஆனால் உபுண்டு வகைகளில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொட்டலமாக, தனக்குத் தேவையானதையெல்லாம் தானே சுமந்துகொண்டு, வருகிறது. வேகம் குறைந்த கணினியில் அது முதல்முறை திறப்பதற்குள் டீ போட்டு வந்துவிடலாம். மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் புதிதாக வருபவருக்கு ஏன் அந்த வேலை? டெபியனில் ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு சாதாரணப் பொட்டலமாகவே வருகிறது. லினக்ஸ் மின்ட் சின்னமன் பதிப்பை யாராவது சொன்னால், 4 ஜிபி ஆக்கிய பிறகு யோசித்துக்கொள்ளலாம். 2 ஜிபியில் வேண்டாம்.

நிறுவும் முறைக்கு வருவோம். வேறொரு கணினியில் டெபியனின் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரல் கொண்டு பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்து ஒட்டினால் பூட் ஆகாது. மடிக்கணினியை முடுக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் இவற்றில் ஏதாவது ஒன்று பூட் மெனுவைக் கொண்டுவரும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய படங்கள், கோப்புகள் எல்லாம் வேறெங்காவது எடுத்து வைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், வட்டை முழுதாக அழிக்கப் போகிறோம்.

நிறுவி கேட்கும் கேள்விகளில் மூன்று இடங்களில் நிதானம் தேவை. மொழி கேட்கும்போது, வரைகலை நிறுவியில் தமிழும் பட்டியலில் இருக்கும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் தடவை ஆங்கிலத்தில் போவது நல்லது. ஏதாவது பிழைச்செய்தி வந்தால் அதை அப்படியே தேடிப் பார்க்க முடியும். தமிழை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது, ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகப் பயனர்) கடவுச்சொல் கேட்கும் இடம். அதைக் காலியாக விட்டுவிட்டு மேலே போங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சுடோ உரிமை, அதாவது நிர்வாக வேலைகளைச் செய்யும் உரிமை, தானாகக் கிடைக்கும். இதைத் தெரியாமல் கடவுச்சொல் கொடுத்துவிட்டு, பிறகு "சுடோ வேலை செய்யவில்லை" என்று புலம்புபவர்கள் நிறைய. மூன்றாவதுதான் முக்கியம். எந்த மென்பொருள் தொகுப்புகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் குனோம் என்ற கனமான டெஸ்க்டாப் ஏற்கனவே டிக் ஆகியிருக்கும். ஸ்பேஸ்பாரைத் தட்டி அதை எடுத்துவிட்டு, எல்எக்ஸ்க்யூடியை டிக் செய்யுங்கள். குனோமை எடுக்க மறந்தால் அதுவும் சேர்ந்து ஏறி, 2 ஜிபி கணினி மறுபடி தவழ ஆரம்பித்துவிடும்.

நெட்இன்ஸ்ட் என்பதால் நிறுவும்போது இணையம் வேண்டும். வைஃபைக்கான ஃபெர்ம்வேர்களை டெபியன் 12 முதல் நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறார்கள், பெரும்பாலும் பிரச்சினை வராது. பிராட்காம் வைஃபை சிப் என்றால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம். அப்போது ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதை ஒரு சாதாரண கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு பிராட்காம் டிரைவரைத் தேடிப் போடலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பலரைத் தலையைச் சொறிய வைப்பது. பல வருஷம் அலமாரியில் கிடந்த கணினியில் பயாஸ் பேட்டரி செத்துப் போயிருக்கும். கணினி தான் 2009-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தேதியில் இருந்தால் எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காது, சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று பிரவுசர் சொல்லும். மென்பொருள் புதுப்பிப்பும் நடக்காது. ஆள் போய் வைஃபையைச் சந்தேகப்படுவார், லினக்ஸைத் திட்டுவார். முதலில் தேதியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் சிஆர்2032 பொத்தான் பேட்டரி ஒன்று வாங்கி மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். சில மடிக்கணினிகளில் அது வயரோடு சேர்ந்த வடிவில் இருக்கும், கழற்றிக் காட்டி வாங்குவது உத்தமம்.

ரேமைக் கூட்ட முடியவில்லை, 2 ஜிபியிலேயே ஓட்ட வேண்டும் என்றால் இசட்ரேம் வைத்துக்கொள்ளுங்கள். ரேமின் ஒரு பகுதியையே சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக மாற்றும் ஏற்பாடு இது. அதில் போகும் பக்கங்கள் பெரும்பாலும் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ சுருங்கும். பிராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் ஹார்டு டிஸ்க்கைத் தட்டி எழுப்புவதைவிட எவ்வளவோ மேல். டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற பொட்டலத்தை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் 50 சதவீதம் என்று கொடுத்தால் போதும். இங்கே ஒரு பழைய அறிவுரையைத் தவிர்க்க வேண்டும்: "ஸ்வாப்பினஸை 10 ஆகக் குறை" என்பது (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று கர்னலுக்குச் சொல்லும் எண் அது). வட்டில் ஸ்வாப் இருந்த காலத்துக்கு அது சரி. இசட்ரேம் இருக்கும்போது எண்ணைக் குறைத்தால், சுருக்கி வைக்க வேண்டியதைக் கர்னல் சுருக்காமல் தள்ளிப்போடும். 100 என்று வைப்பதுதான் இங்கே பொருத்தம். கூடவே இயர்லிஊம் என்ற குட்டி நிரலையும் போடுங்கள். ரேம் முழுக்கத் தீர்ந்து கணினி உறைவதற்கு முன்பே, அதிகம் தின்னும் நிரலை அது மூடிவிடும். பிரவுசர் தாவல் ஒன்று திடீரென்று போய்விடும், ஆனால் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் நிலை வராது.

இப்போது நெட்புக். என்270 என்பது 2008-இல் வந்த பிராசசர், 32-பிட் மட்டும். எவ்வளவு ஆசைப்பட்டாலும் 64-பிட் அதில் ஏறாது. பல நெட்புக்குகளில் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்தால் ஒரே ஒரு டிடிஆர்2 ரேம் இடம். 1 ஜிபியை எடுத்துவிட்டு 2 ஜிபி போடலாம், அதோடு அந்தச் சிப்செட்டின் எல்லை முடிந்தது.

இதற்கு ஆன்டிஎக்ஸ் சொன்னதற்குக் காரணங்கள் உண்டு. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது, அதனால் டெபியனின் மென்பொருள் கிடங்கு முழுதும் கிடைக்கும். பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற பெரிய நிரல் தொகுப்பு இல்லை. முழு டெஸ்க்டாப் சூழலுக்குப் பதில் ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரை வைத்திருக்கிறார்கள், பழைய விண்டோஸ் பழகியவர்களுக்குக் கீழே பட்டையும் தொடக்கப் பொத்தானும் இருப்பதால் அந்நியமாகத் தெரியாது. 32-பிட் பதிப்பின் கர்னல் பிஏஈ என்ற பிராசசர் வசதியைக் கேட்காதது. அதனால் மற்ற லினக்ஸ்கள் மறுக்கும் சில பழைய பென்டியம் எம் மடிக்கணினிகளிலும் ஏறிவிடும். பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். பயனர் பெயர் டெமோ, கடவுச்சொல்லும் டெமோ. அங்கேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருப்தி என்றால் டெஸ்க்டாப்பிலிருந்தே நிறுவியைச் சொடுக்குங்கள். வட்டில் 2 ஜிபி ஸ்வாப் விட்டுவிடுங்கள்.

பப்பி லினக்ஸ் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆஸ்திரேலியரான பாரி காலர் 2003-இல் தொடங்கியது. முழு அமைப்பையும் ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடுவதால் சட்சட்டென்று திறக்கும். ஆனால் ரேமே குறைவு என்பதுதானே நம் பிரச்சினை? தவிர, எல்லாவற்றையும் ரூட் பயனராகவே ஓட்டுவது அதன் வழக்கம். பிள்ளைகள் கையில் கொடுக்கும் கணினிக்கு எனக்கு அதில் சம்மதமில்லை. செத்துக்கொண்டிருக்கும் வட்டிலிருந்து கோப்புகளை மீட்க ஒரு பென்டிரைவில் பப்பி வைத்திருங்கள், அதற்கு அது அருமை. சில பத்து எம்பியில் டெஸ்க்டாப் தரும் டைனி கோர் மாதிரியானவை பார்க்க வியப்பாக இருக்கும். அதில் ஃபயர்பாக்ஸ் போட்ட மறுநிமிடம் மற்றதெல்லாம் மாதிரிதான்.

நெட்புக்கில் என்ன எதிர்பார்க்கலாம்? தமிழ்த் தட்டச்சு, பிடிஎஃப் படிப்பது, பாட்டுக் கேட்பது, விக்கிப்பீடியா, எளிய கல்வி விளையாட்டுகள், இவையெல்லாம் நன்றாக நடக்கும். லிப்ரே ஆபீஸ் திறக்கும், மெதுவாக. கடிதம் தட்ட அபிவேர்ட் போதும். யூடியூப்பைப் பிரவுசரில் பார்ப்பது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய காணொளி முறைகளை வன்பொருளில் பிரிக்கும் வசதி அந்தக் காலத்து கிராபிக்ஸில் இல்லை, எல்லாம் அந்த ஒற்றைக் கோர் பிராசசர் தலையில் விழும். பாடக் காணொளிகள் கோப்பாக இருந்தால், 480பி அளவில் ஹெச்.264 வடிவத்தில் வைத்து எம்பிவி பிளேயரில் ஓட்டுங்கள், ஓடும். யூடியூப் பார்க்க மடிக்கணினி இருக்கிறதே.

பிரவுசர் விஷயத்தில் இரண்டு கணினிகளுக்கும் பொதுவானது: யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை முதல் வேலையாகப் போடுங்கள். விளம்பரத் தொல்லைக்காக மட்டும் இல்லை, ரேமும் பிராசசரும் மிச்சமாகும். நெட்புக்கில் படிப்பதற்கு மட்டும் நெட்சர்ஃப் என்ற இலகுவான பிரவுசரைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், ஜாவாஸ்கிரிப்ட் அதிகம் கேட்காத தளங்களுக்கு அது போதும். டில்லோ அதைவிட இலகுதான், ஆனால் நமக்கு ஆகாது. தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் திறன் அதில் இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட 'இலகுவான மென்பொருள்' பட்டியல்களை நம்பிப் போனால் இப்படித்தான் மாட்டுவோம்.

தமிழுக்கு இரண்டு பொட்டலங்கள் தேவை. எழுத்துருவுக்கு லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். தட்டச்சுக்கு ஐபஸும் அதன் எம்17என் இணைப்பும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சுப்பொறி முறை எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே தமிழ்99 பழக்குங்கள். போட்ட உடனே விசைப்பலகை மாறவில்லை என்றால் பதற வேண்டாம், ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

கடைசியாக, நெட்புக்கின் ஆயுள். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் பிரவுசரின் கெடு அதற்கு முன்பே வருகிறது. 32-பிட் லினக்ஸுக்கான கடைசி ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் 140-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 செப்டம்பர் வரையாவது வரும் என்பதுதான் மோசில்லா கொடுத்த வாக்கு. அதனால் வங்கிக் கணக்கு, ஆதார், பணப் பரிமாற்றம் எதையும் நெட்புக்கில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவற்றுக்கு 64-பிட் மடிக்கணினியையே பயன்படுத்துங்கள். ஃபயர்பாக்ஸுக்குத் திருத்தங்கள் நின்ற பிறகு நெட்புக்கை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, தட்டச்சுக்கும் படிப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.